தூண்டில் தர்மம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, ஏரிக்கரைப் புளியமரத்தின் நிழலில் நாம் உட்கார்ந்திருந்தோம். கையில் மூங்கில் கழி. நீரில் மிதக்கும் தக்கை. நமது பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் சைக்கிளில் வந்தவன், நம்மைக் கண்டதும் சட்டென்று காலை ஊன்றி நின்றான். சைக்கிளின் முன்புறத்தில் ஒரு தூக்குப் பாத்திரம் தொங்கிக் கொண்டிருந்தது.

"சார், நீங்ககூட மீன் பிடிப்பீங்களா?" என்றான்.

வகுப்பில் தூங்குகிறவர்களைப் பிடிப்பது ஒன்றே நமது வித்தை என்று அதுவரை அவன் எண்ணியிருந்தான் போலும். அந்தச் சமயம் பார்த்துத் தக்கை அமிழ்ந்தது. இழுத்தோம். உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபிக் கெண்டை துள்ளிக் கொண்டு கரைக்கு வந்து சேர்ந்தது.

"பாவம் சார், தண்ணியில விட்டுடுங்க!" என்றான் பையன்.

நாம் விடவில்லை. கூடையில் போட்டோம். பையனுடைய முகம் வாடிற்று. திருக்குறளில் கொல்லாமை அதிகாரத்தைப் போன வாரந்தான் வகுப்பில் நடத்தியிருந்தோம். அந்த வாத்தியாரா இப்படி என்று அவன் நினைத்திருப்பான். அவனுக்கு நாம் சொன்ன சமாதானத்தையே இவ்வாரம் நேயர்களுக்கும் சொல்லலாம் என்று தோன்றுகிறது. ஏனெனில், "பாவம், தண்ணீரில் விட்டுவிடு" என்ற இந்த நல்ல வார்த்தை, நம் ஊர் ஏரிகளுக்கு எவ்வளவு பெரிய தீங்கைச் செய்திருக்கிறது என்பதை நாம் பட்டுத்தான் தெரிந்து கொண்டோம்.

பெரம்பலூர் என்றால் வானம் பார்த்த பூமி. அரியலூர் என்றால் சிமெண்டு. இந்த இரண்டு ஜில்லாக்களிலும் மீனுக்கு ஏது இடம் என்று தஞ்சாவூர்ச் சிநேகிதர்கள் நம்மைக் கேலி செய்வதுண்டு. அவர்களுக்கு நமது பதில் ஒன்றுதான். ஐயா, எங்கள் அரியலூர்ச் சீமை முழுவதும் ஒரு காலத்தில் கடலாகவே இருந்தது! சுண்ணாம்புக் கல் வெட்டும் பள்ளங்களில் சுறாவின் பல்லும் கிளிஞ்சலும் கல்லாக மாறிக் கிடைக்கின்றன. பெரம்பலூர் ஜில்லாவின் சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்த மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. கடல் விலகிப் போய்க் கோடிக் கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் பின்பு மக்கள் கரை கட்டி, மதகு வைத்து, மழைநீரைத் தேக்கினார்கள். அந்த ஏரிகளில் தாமாக வந்து குடியேறியவைதான் விராலும், குறவையும், ஆராலும், அயிரையும், உளுவையும், பலவிதக் கெண்டைகளும்.

இவற்றுள் விராலே தூண்டிற்காரனுக்கு ராஜா. தாமரை இலைக்கும் பாசிக்கும் அடியில் அசையாமல் படுத்திருக்கும். முள்ளில் மாட்டிய தவளை தலைக்கு மேலே சென்றால், நீர் தெறிக்கப் பாய்ந்து கவ்வும். ஏரி வற்றினால் சேற்றுக்குள் புதைந்து, காற்றைக் குடித்துக்கொண்டு அடுத்த மழை வரையில் தவம் செய்யும். முட்டையிட்ட பின் தாயும் தந்தையும் காவல் இருக்கும். சிவந்த குஞ்சுகள் நெருப்புப் பொறிகளைப் போல் நீரின் மேல்மட்டத்தில் கூட்டமாகத் திரியும்போது, பெற்றோர் கீழே நிழல் போலத் தொடர்ந்து செல்லும். நம் நாட்டு ஏரி குளங்களில் தூண்டில் போடும் கலையைப் பற்றி ஹெச். எஸ். தாமஸ் என்ற சென்னை ராஜதானி சிவில் உத்தியோகஸ்தர் 1887-ல் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். கலெக்டர் வேலையை விட்டுவிட்டுக் குளக்கரையில் உட்காரும்படி ஒரு மனிதரைச் செய்யக்கூடிய சக்தி இந்தப் பொழுதுபோக்குக்கு உண்டு.

இனி, நாம் பட்ட கதைக்கு வருவோம்.

ஆறு வருஷங்களுக்கு முன்பு நமது புதல்வி சிறுமியாக இருந்தபோது, அவளுடைய பிறந்தநாளுக்குக் கண்ணாடித் தொட்டி ஒன்றும் சில வர்ண மீன்களும் வாங்கி வந்தோம். தொட்டியில் படியும் பாசியைத் தின்று சுத்தம் செய்யும் என்று சொல்லி, 'டேங்க் கிளீனர்' என்ற பெயரில் விரல் நீளக் கறுப்பு மீன் ஒன்றையும் கடைக்காரர் சேர்த்துக் கொடுத்தார். அது சுத்தம் செய்ததோ என்னவோ, வளர்ந்தது. இரண்டு வருஷத்தில் முழங்கை நீளம் ஆகி, தொட்டியில் திரும்பவும் இடமின்றித் தவித்தது. குழந்தை கண் கலங்கினாள். வீட்டில் சமைக்கவும் முடியாது. கொல்லவும் மனம் வராது. ஆகவே அதை ஒரு தூக்குப் பாத்திரத்தில் விட்டு, புதல்வியைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஏரிக்குச் சென்றோம். படித்துறையில் இறங்கிப் பாத்திரத்தைக் கவிழ்த்தோம். அது வாலை ஒரு தரம் ஆட்டிவிட்டு ஆழத்துக்குள் மறைந்தது. புதல்வி கைகொட்டினாள். ஒரு ஜீவனுக்கு விடுதலை அளித்த பெருமையுடன் நாம் வீடு திரும்பினோம். அன்று இரவு நன்றாகத் தூக்கம் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

இவ்வருஷம் சித்திரையில் ஏரி வற்றி மீன்பிடித் திருவிழா வந்தது. பட்டணத்து நேயர்கள் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். விடியற்காலையில் சுற்று வட்டாரத்து ஜனங்களெல்லாம் ஊத்தாவும் கச்சாவும் வலையும் பறியுமாகக் கரையில் வந்து கூடுவார்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிக் காட்டியதுதான் தாமதம். 'ஹோ' என்ற ஆரவாரத்தோடு எல்லோரும் சேற்றில் இறங்குவார்கள். வலை இல்லாதவன் வேட்டியால் பிடிப்பான். ஏழை, பணக்காரன் என்ற பேதம் அன்றைக்குச் சேற்றுக்கு அடியில் போய்விடும். மாலையில் ஊரிலுள்ள அடுப்பெல்லாம் மீன் குழம்பு மணக்கும்.

இம்முறை அந்த ஆரவாரம் சீக்கிரமே அடங்கிப் போயிற்று. ஊத்தாவுக்குள் கையை விட்டவர்கள் 'ஐயோ' என்று இழுத்துக் கொண்டார்கள். வலைகள் கிழிந்தன. கரையில் மீன் குவிந்தது. ஆனால் அது யாரும் கண்டறியாத மீன். உடம்பெங்கும் கவசம் போன்ற தகடு, துடுப்பில் முள், வயிற்றின் பக்கமாக உறிஞ்சும் வாய். வெயிலில் மணிக்கணக்காகக் கிடந்தும் அவை சாகவில்லை. காக்கை கொத்திப் பார்த்துவிட்டுப் பறந்தது. எழுபது வயதுக்கு மேற்பட்ட பெரியவர் ஒருவர், இரத்தம் கசியும் உள்ளங்கையைத் துண்டால் கட்டிக்கொண்டு நம்மிடம் வந்தார்.

"வாத்தியாரய்யா, நீங்க படிச்சவங்க. இது என்ன மீனுங்க? எங்க அப்பன் காலத்துலகூட இப்படி ஒண்ணப் பார்த்ததில்லையே! வெரா ஒண்ணுகூட கையில மாட்டலைங்க."

நமக்குத் தெரியும். பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது. தென் அமெரிக்காவின் அமேசான் பிரதேசத்து மீன் அது. கரை மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். காற்றைக் குடித்து உயிர் தரிக்கும். இவ்வளவும் தெரிந்திருந்தும், "விசாரித்துச் சொல்கிறேன், பெரியவரே" என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். மாணவர்களை உண்மை பேசச் சொல்லும் வாய்க்கு அன்று உண்மை வரவில்லை.

மூன்று நாட்கள் பொறுத்துப் பார்த்தோம், பொறுக்க முடியவில்லை. பெரியவரைத் தேடிச் சென்று, "அந்த மீனை ஏரியில் விட்டவர்களில் நாமும் ஒருவர்" என்று சொன்னோம். அவர் சற்று நேரம் நம்மைப் பார்த்தார். கோபிக்கவில்லை.

"நீங்க விட்டது ஒண்ணுதானுங்களே? ஒண்ணு எப்படிங்க குட்டி போடும்?" என்றார்.

நம்மைத் தேற்றுவதற்காகவே அவர் அப்படிச் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை நம்மை மேலும் குத்திற்று. வாஸ்தவம், ஒரு மீன் தனியாக வம்சம் வளர்க்காது. ஆகவே நம்மைப் போலவே இன்னும் சில தர்மவான்கள், அதே தூக்குப் பாத்திரத்தோடு, அதே படித்துறைக்கு வந்து போயிருக்கிறார்கள்! ஒவ்வொருவரும் தாம் விட்டது ஒன்றுதான் என்று எண்ணித் தூங்கியிருக்கிறார்கள். ஊர் கெடுவதற்குக் கெட்ட எண்ணமே வேண்டும் என்பதில்லை. பல நல்லவர்களின் தனித்தனியான ஒரு நிமிஷ இரக்கமே போதும்.

இந்த விஷயத்தில் நாம் மாத்திரம் அசடு அல்ல என்பதை உலக சரித்திரம் காட்டுகிறது. அமெரிக்காவில் 'பாஸ்' என்று ஒரு மீன் உண்டு. நமது விராலைப் போலவே பாசியில் பதுங்கிப் பாய்வது, குஞ்சுகளைக் காப்பது. அந்நாட்டில் லட்சக்கணக்கானோர் விடுமுறை நாட்களில் அதற்காகத் தூண்டில் பிடிக்கிறார்கள். அங்கே அது சொந்த நாட்டு மீன், குற்றமில்லை. 1925-ல் அகபோஷி என்ற ஜப்பானியக் கனவான், தூண்டில் விளையாட்டுக்காக அதைக் கலிபோர்னியாவிலிருந்து கொண்டுபோய் ஆஷி ஏரியில் விட்டார். அது அங்கே நிற்கவில்லை. பிற்காலத்தில் ஆசை மிகுந்த தூண்டிற்காரர்கள் வாளியில் தூக்கிக்கொண்டு போய் ஊர் ஊராகப் பரப்பினார்கள். மிகப் பழமையான பீவா ஏரியில் சுதேசி மீன்கள் குறைந்து போயின. 2003-ல் அந்த ஏரி இருக்கும் ஷிகா மாகாணம், பிடித்த பாஸை மறுபடி தண்ணீரில் விடுவதையே தடை செய்தது. 2005-ல் ஜப்பான் தேசம் முழுவதற்கும் சட்டம் வந்தது.

இன்னும் ஒரு விசேஷம். 1960-ல் ஜப்பானிய இளவரசர் அகிஹிதோ அமெரிக்கா சென்றபோது, சிக்காகோ நகர மேயர் 'புளூகில்' என்ற மீனை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். ஜனங்களுக்கு உணவாகும் என்று எண்ணி இளவரசர் அதை ஆராய்ச்சி நிலையத்துக்கு அளித்தார். அதுவும் ஏரிகளில் பரவிச் சுதேசி மீன்களை ஒடுக்கியது. 47 ஆண்டுகளுக்குப் பின், 2007-ல், சக்கரவர்த்தியாக இருந்த அகிஹிதோ பகிரங்க சபையில் அதைச் சொல்லித் தமக்கு மனவேதனை உண்டாகிறது என்று ஒப்புக்கொண்டார். ஒரு தேசத்தின் சக்கரவர்த்தி சபையில் சொன்னதை, ஒரு பெரியவரிடம் சொல்ல நமக்கு மூன்று நாட்கள் பிடித்தன!

மத்திய அமெரிக்காவில், குவாட்டமாலா தேசத்து அதித்லான் ஏரியிலும் 1958-ல் உல்லாசப் பிரயாணிகளைக் கவர்வதற்காகப் பாஸை விட்டார்கள். அந்த ஏரியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, பறக்கத் தெரியாத முக்குளிப்பான் இனம் ஒன்று அங்கே இருந்தது. பாஸ் அதன் இரையைத் தின்றது, குஞ்சையும் தின்றது. நாணல் அழிந்ததும், 1976-ல் நேர்ந்த பூகம்பத்துக்குப் பின் நீர் இறங்கியதும் சேர்ந்துகொண்டன. இன்று அந்தப் பறவை உலகத்தில் இல்லை.

இதனால் நேயர்கள் அமெரிக்க மீனெல்லாம் அரக்கர், நம் மீனெல்லாம் சாதுக்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2002-ல் மேரிலாந்து மாகாணத்தில் ஒரு சிறு குளத்தில் வேற்று நாட்டு மீன் அகப்பட்டு அமெரிக்கா அல்லோலகல்லோலப்பட்டது. விசாரித்ததில், ஒருவர் சூப்பு வைப்பதற்காக இரண்டு மீன்களை உயிரோடு வாங்கி, பிறகு சமைக்காமல் தொட்டியில் வளர்த்து, கடைசியில் குளத்தில் விட்டுவிட்டார் என்று தெரிய வந்தது. குளத்துக்கு விஷம் போட்டுத் தேடியபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட குஞ்சுகள் கிடைத்தன. அது என்ன மீன் தெரியுமா? சீன தேசத்து விரால். நமது ஏரி ராஜாவின் தாயாதி! ஆகவே மீனில் நல்ல ஜாதி, கெட்ட ஜாதி என்பது இல்லை. அதது தன் ஊரில் இருக்கும் வரையில் அழகு. விதேசி என்பதற்காக ஒரு மீனை வெறுப்பது சுதேசியம் ஆகாது. நம் ஏரியை நாம் அறிந்து காப்பதே சுதேசியம்.

நம் ராஜ்யத்தின் கதை என்ன? வெள்ளைக்காரர் தமது தூண்டில் ஆசைக்காக 1860-களிலேயே டிரௌட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார்கள். 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் அது வேரூன்றிற்று. ஜனங்களுக்கு மலிவான உணவு வேண்டும் என்று 1952-ல் ஜிலேபியை வரவழைத்தார்கள். அதன் தாய் முட்டைகளைத் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும். சில மாதங்களிலேயே குஞ்சுகள் தாமும் தாயாகிவிடும். ஏழை வீட்டுக் குழம்புக்கு அது உதவியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எந்தக் குளத்தில் புகுந்தாலும் எண்ணிக்கையால் இடத்தைப் பிடித்துக்கொண்டு, தானும் குறுகி, மற்றவற்றையும் குறுக்கி விடுகிறது. அதன் பின் வந்தது ஆப்பிரிக்கக் கெளுத்தி. மீன், தவளை, கழிவு என்று பேதமின்றித் தின்பது. ஈரத் தரையில் ஊர்ந்தும் போவது. அதை வளர்ப்பதற்கு மத்திய சர்க்கார் 2000-ல் தடை விதித்தும், திருட்டுக் குட்டைகளில் இன்னும் வளர்க்கிறார்கள். ஒரு பெருமழையில் குட்டை உடைந்தால் வாய்க்கால்தான் அதற்கு ராஜபாட்டை.

அந்த வாய்க்கால் எங்கே போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். காவிரித் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் கரைவெட்டி ஏரிக்கு வருகிறது. 1999-ல் பறவைகள் சரணாலயமாகி, 2024-ல் ராம்சார் ஒப்பந்தத்தின்படி சர்வதேசச் சிறப்பும் பெற்ற இடம் அது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் கூட மாரிக் காலத்துக்கு அங்கே வந்து தங்குகின்றன. அந்த விருந்தாளிகள் வந்து, இருந்து, திரும்பிப் போய்விடும். நாம் விடும் மீன் திரும்பிப் போகாத விருந்தாளி. நம் ஏரியில் விட்டது அடுத்த ஏரிக்கும், அங்கிருந்து மருதையாற்றுக்கும், கொள்ளிடத்துக்கும் போகும். ராஜேந்திர சோழர் கங்கை நீரைக் கொணர்ந்து கங்கைகொண்ட சோழபுரத்தருகே சோழகங்கம் என்ற ஏரியை நிறைத்தார் என்கிறார்கள். நாம் அறிந்த வரையில் அவர் தண்ணீரைத்தான் கொண்டுவந்தார். மீனைக் கொண்டுவந்ததாகச் செப்பேட்டில் இல்லை. மன்னருக்கு இருந்த நிதானம் நமக்கும் இருந்தால் நல்லது.

இனித் தூண்டில் பிடிப்பவர்களுக்கு நாம் கண்ட தர்மம் இது. ஏரியின் மீன் பாசி உரிமை பெரும்பாலும் ஏலத்தில் யாரேனும் எடுத்திருப்பார். அவரைக் கேட்டு அனுமதி பெற்ற பிறகே தூண்டில் வீச வேண்டும். பறவைகள் சரணாலயத்தில் தூண்டிலுக்கு வேலையே இல்லை. ஓர் ஏரியில் பிடித்த உயிர் மீனை, இரைக்காகவேனும் வேடிக்கைக்காகவேனும் மற்றோர் ஏரிக்குக் கொண்டு போகலாகாது. ஜிலேபியோ ஆப்பிரிக்கக் கெளுத்தியோ டேங்க் கிளீனரோ அகப்பட்டால் திரும்ப விடலாகாது. தின்பதைச் சட்டிக்கு அனுப்புக. தின்னாததைத் துன்பப்படுத்தாமல் சட்டென்று முடித்துப் புதைத்துவிடுக. ஆனால் சிவந்த குஞ்சுகளோடு திரியும் விராலைக் கண்டால் நரம்பைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். அந்த வேளையில் தாயை இழுத்தால் குஞ்சுகள் அத்தனையும் போகும்.

இல்லத்தரசிகளுக்கும் ஒரு வார்த்தை. குழந்தைகள் கேட்டால் கண்ணாடித் தொட்டி வாங்கிக் கொடுங்கள், தவறில்லை. ஆனால் வாங்குமுன், இது எவ்வளவு பெரிதாக வளரும் என்று கடைக்காரரைக் கேளுங்கள். வளர்ந்துவிட்டால் திரும்பக் கடையில் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். ஏரி, கிணறு, கோயில் குளம், வாய்க்கால் இவற்றில் மட்டும் வேண்டாம்.

இவ்வளவையும் அந்தப் பையனுக்குச் சொல்லி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அவன் தலையைக் குனிந்தபடி கேட்டுக் கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சைக்கிளிடம் போய்த் தூக்குப் பாத்திரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"சார், இதை என்ன சார் செய்யறது?" என்றான்.

மூடியைத் திறந்து பார்த்தோம். அரைச்சாண் நீளத்தில் ஒரு கறுப்பு மீன், வாயால் பாத்திரத்தின் அடியைப் பற்றிக்கொண்டிருந்தது.

நாம் அவனைக் கோபிக்கவில்லை. பெரியவர் நம்மைக் கோபிக்கவில்லையே! அந்த மீன் இப்போது நமது பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறையில் பெரிய தொட்டி ஒன்றில் இருக்கிறது. தினமும் மதியம் அதற்குத் தீனி போடும் பொறுப்பு அந்தப் பையனுடையது. தொட்டியின்மேல் ஒட்டுவதற்கு ஒரு சீட்டு எழுதச் சொன்னோம். "இது இங்கேயே இருக்கட்டும்; ஏரிக்கு வேண்டாம்" என்று எழுதி ஒட்டியிருக்கிறான்.